தண்ணீர் ஊற்றிப் பார்த்த பரிசல்

நிர்மலாவுக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில் வாளி விடும்போதுகூட ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் விடுவாள். அப்பேர்ப்பட்டவள் கோமுகி அணையில் பரிசல் ஓட்டப் போகிறாள் என்றால் ஊர் சிரிக்குமா, சிரிக்காதா? சிரித்தது. வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலை வந்து இறங்கி நிற்கிற இடத்தில் இருந்த அந்தக் காலனி முழுக்கச் சிரித்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவளும் மூடப் பார்க்கவில்லை.

சிரித்தவர்களில் ஒருத்தராவது ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இனிமேல் கரும்பு வெட்டப் போகக் கூடாது. அதற்குத்தான் பரிசல், வேறு ஒரு ஆசையும் இல்லை.

வருடா வருடம் கார்த்திகை பிறந்ததும் சின்னதுரை மேஸ்திரி வருவார். முன்பணம் கொடுப்பார், லாரி வரும், நிர்மலாவும் அவள் புருசன் பாவாடையும் சட்டிபானையோடு ஏறுவார்கள். எந்த ஊரோ, எந்த ஆலையோ, காய்ந்த கரும்புச் சோகையால் குடிசை வேய்ந்து வெயில் ஏறும்வரை வெட்டிவிட்டுப் பங்குனியில் திரும்புவார்கள். மகள் மணிமொழியைப் பாவாடையின் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். போன வருடமும் அப்படித்தான் விட்டார்கள். அவள் அப்போது ஒன்பதாவது. இவர்கள் வயலில் இருக்கும்போது போன் வந்தது, பெண் வயசுக்கு வந்துவிட்டாள் என்று.

நிர்மலா மேஸ்திரியிடம் போய் நின்றாள். சின்னதுரை கெட்ட மனுசர் இல்லை. ஆனால் ஆலையில் லாரி காத்துக்கொண்டு நிற்கிறது, ஒரு ஜோடி கழன்றால் மொத்த வெட்டும் தள்ளிப் போகும், இந்த வயலை முடித்துவிட்டுப் போ தாயி என்றார். முன்பணம் வாங்கின வாய் என்ன பேசும்? அவள் ஊர் வந்து சேர்ந்தபோது நாத்தனார் வீட்டுப் பக்கத்தில் கட்டியிருந்த பச்சை ஓலைக் குச்சு பழுப்பேறிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றியாயிற்று, மாமன் சீரும் வைத்தாயிற்று. மணிமொழி தலையை நிமிர்த்திப் பார்த்து, "ஏம்மா வந்த, அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். நிர்மலாவுக்கு அன்றைக்கு உள்ளே ஒன்று அறுந்துபோனது.

இந்த வருடம் மணிமொழி பத்தாவது. பாவாடை அலையாய் அலைந்து மீனவர் சங்கத்தில் அட்டை வாங்கிவிட்டான். சின்ன வயதில் மாமன் ஒருத்தரோடு அணையில் வலை இழுத்த பழக்கம் அவனுக்குக் கொஞ்சம் உண்டு. ஐப்பசி மழையில் அணையும் நிறைந்து நின்றது. வலை வந்தாயிற்று, பரிசல்தான் பாக்கி. அந்த அணையில் புருசனும் பெண்டாட்டியும் ஜோடியாகத்தான் போவார்கள். துடுப்பு பெண்டாட்டி கையில், வலை புருசன் கையில். வேறு ஆளைக் கூட்டிப் போனால் பிடிக்கிறதில் பாதியை அவன் தூக்கிக்கொண்டு போவான், அப்புறம் மீன் விற்று எங்கே வயிறு கழுவுவது? அதனால் நீச்சல் தெரியாத நிர்மலாதான் துடுப்புப் பிடிக்க வேண்டும்.

பரிசல் வாங்கப் போகிறான் என்றதும் பாவாடைக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லாமல் போயிற்று. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கலையரசன், வாங்கினால் புது ஃபைபர் பரிசல்தான் வாங்க வேண்டும், பழைய வண்டி வாங்கினவன் ஒர்க்ஷாப்பிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்று தன் அனுபவத்தைச் சொன்னான். டீக்கடையில் இன்னொருத்தர், கற்றுக்குட்டிக்குப் பழசுதான் லாயக்கு, பாறையில் மோதிப் பழகுகிற வரைக்கும் பழசு மோதட்டும், புதுசை நாசம் பண்ணுவானேன் என்றார். இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. பாவாடை காலையில் புதுசு என்பான், சாயங்காலம் பழசு என்பான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். துடுப்புப் பிடிக்கப் போகிறவளை மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அவள் புதுசு என்றுதான் சொல்லியிருப்பாள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய், தண்ணீர்த் தொட்டியும் பரிசலும் செய்கிற ஒரு பட்டறையில் பார்த்துவிட்டே வந்தார்கள். நீல நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல், முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது. உட்கார்ந்து பாரும்மா என்றார் பட்டறைக்காரர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, துடுப்பையும் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே சிமெண்ட் தரை. பயமே இல்லை. இப்படியே எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றியது. விலையைக் கேட்டதும் பாவாடை முகம் சுருங்கிவிட்டது. பரிசலுக்கென்று ஆடு இரண்டை விற்ற பணம் பாதிக்கும் போதாது.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது பாவாடை மெல்ல ஆரம்பித்தான். "மேஸ்திரி கிட்ட கேட்டா குடுப்பாரு. இந்த ஒரு வருசம் மட்டும் போயி வெட்டிட்டு வந்துடலாம்."

நிர்மலா டீ கிளாசைக் கீழே வைத்தாள். கரும்பு வெட்டப் போகாமல் இருக்கப் பரிசல். பரிசல் வாங்கக் கரும்பு வெட்டப் போக வேண்டும். இவர்கள் எங்கோ ஒரு வயலில் சோகை உரித்துக்கொண்டு கிடப்பார்கள், அந்த நீலப் பரிசல் பூட்டின வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடக்கும், அதற்கடியில் அடுத்த வீட்டுக் கோழி அடைகாக்கும்.

"வாணாம்யா. அவ பத்தாவது படிக்கிறா," என்றாள்.

மிஞ்சினது சாலம்மாள் பரிசல். சாலம்மாளும் அவள் புருசன் பச்சமுத்துவும் அந்த அணையில் வெகுகாலமாக மீன் பிடித்தவர்கள். பச்சமுத்துவுக்கு வாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டது, வாயும் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டது. திருப்பூரில் இருக்கிற மகன் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பரிசலை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. ஆடு விற்ற பணம் அதற்குச் சரியாக இருக்கும்.

ஆனால் அந்தப் பரிசலைப் பார்த்ததும் நிர்மலாவுக்குக் குலை நடுங்கியது. மூங்கில் தப்பையில் பின்னி, உரச்சாக்கு வைத்துத் தைத்து, மேலே தார் பூசினது. ஒட்டுக்கு மேல் ஒட்டு, தாருக்கு மேல் தார். உள்ளே ஒரு பழைய டப்பா கிடந்தது. இது எதுக்குக்கா என்று கேட்டாள். தண்ணி மொண்டு ஊத்த என்று சாலம்மாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நிர்மலாவுக்கு அந்த ராத்திரி தூக்கம் போயிற்று. மொண்டு ஊற்ற வேண்டும் என்றால் தண்ணீர் உள்ளே வருகிறது என்றுதானே அர்த்தம்? மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதையாக அல்லவா ஆகிவிடும்? இவள் முழுகிப் போனால் மணிமொழிக்கு யார் இருக்கிறார்கள்? கரும்புக்குப் போனாலாவது பங்குனியில் திரும்பி வரலாம்.

விடியும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருடமாகச் சந்தையில் குடம் வாங்குகிறாள், தொட்டி வாங்குகிறாள். எப்படி வாங்குவாள்? சுண்டிப் பார்ப்பாள். வீட்டுக்குக் கொண்டுவந்து வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். காலையில் அடியில் ஈரம் கசிந்திருந்தால் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவாள், குயவரும் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுப்பார். பரிசலும் தண்ணீர்ச் சமாச்சாரம்தானே? ஊற்றிப் பார்த்துவிட்டால் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துபோகும். பாவாடையிடம் சொன்னாள். அவனுக்கும் இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சொல்லப்போனால், இது நமக்குத் தோன்றவில்லையே என்றுதான் அவனுக்கு வருத்தம்.

இரண்டு குடத்தோடு அணைக்குப் போனார்கள். சாலம்மாள் பச்சமுத்துவை வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். நல்லாப் பாத்துக்கினு இருங்க, வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பரிசல் கரையில் கரையான் ஏறாமல் இருக்க மூன்று கல்லின்மேல் நிமிர்த்தி வைத்திருந்தது.

ஊற்றினார்கள். பாவாடை மொண்டு கொடுக்க, நிர்மலா தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினாள். கணுக்கால் உயரம் வந்தது. குனிந்து அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது. மறுபடி ஊற்றினார்கள். முழங்கால் உயரம் வந்தது. சுற்றிச் சுற்றி வந்து தடவினாள். ஒரு சொட்டு இல்லை. நிர்மலாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. நேற்று ராத்திரி முழுக்க எந்த ஓட்டையில் முழுகிச் செத்தாளோ அந்த ஓட்டையே இல்லை. இன்னும் ஊத்துய்யா, விளிம்பு வரைக்கும் பாத்துடலாம் என்றாள்.

விளிம்பு வரைக்கும் போகவில்லை. மடார் என்று ஒரு சத்தம். அப்புறம் படபடவென்று நாலைந்து சத்தம். பரிசலின் அடி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தொங்கி, மூங்கில் முறிந்து, சாக்கு கிழிந்து, ஊற்றின தண்ணீர் அத்தனையும் அவர்கள் காலை நனைத்துக்கொண்டு அணைக்கே ஓடிவிட்டது.

இரண்டு பேரும் குடத்தோடு நின்றார்கள். பாவாடை முதலில் கரையைப் பார்த்தான், அப்புறம் ரோட்டைப் பார்த்தான். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, போய்விடலாம் என்றான். புதுசு வாங்குவதாக முடிவு பண்ணிவிட்டோம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். பழைய பரிசல், தானாகவே உடைந்ததென்று நினைத்துக்கொள்ளட்டும். சொல்லும்போதே அவனுக்கே அது ருசிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நிர்மலா அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாலம்மாள் ஒரு கையில் பையும் ஒரு கையில் புருசனுமாக வந்து இறங்குவாள். இதை விற்றுத்தான் அவள் மகன் வீட்டுக்குக் கையை வீசாமல் போக முடியும். நினைக்க நினைக்க நிர்மலாவுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"இத ஒடச்சிப் போட்டுட்டு ஓடிப்போயி புதுசு வாங்கினா, அதுல எம்மாம் தூரம் போவ?" என்றாள். பாவாடை குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆட்டோ வந்தது. நிர்மலா எழுந்து போய், சாலம்மாள் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குடம், கல், மடார் சத்தம், ஒன்று விடவில்லை. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தோம்க்கா என்று முடித்தாள்.

சாலம்மாள் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ஆரம்பித்தாள் பாருங்கள், நிர்மலாவின் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துக் கிடைத்தது. "பரிசலுக்கு வெளிய தண்ணி இருக்கணும், உள்ள ஆளு இருக்கணும். உள்ள தண்ணிய ஊத்தினா அது இன்னாடி பண்ணும்? இது இன்னா பானையா, நீ சோறு ஆக்கப் போறியா?" என்று கேட்டாள். நிர்மலா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திட்டு வாங்க வாங்க மனசு லேசாகத்தான் ஆனது.

அப்போது ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு சத்தம். பச்சமுத்து. முதலில் இழுப்பு வந்துவிட்டதோ என்று எல்லோரும் பதறிப்போய்ப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து வாய் மட்டும் மேலே ஏற, கண்ணில் தண்ணீர் வழிய, நல்ல கையால் குடத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். படுத்த நாளிலிருந்து அவர் சிரித்துச் சாலம்மாள் பார்த்ததில்லை. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"சரி, வுடு," என்றாள் நிர்மலாவிடம். "ஒடச்சவளே கட்டு."

பேசின விலையையே கொடுத்துவிட்டார்கள். மலைமேல் வெள்ளிமலைக்குப் போகிற ஜீப்பில் சொல்லியனுப்பி மூங்கில் வரவழைத்தார்கள். பாவாடை அதைப் பிளந்து தப்பை சீவினான். முறிந்த தப்பையை உருவிவிட்டுப் புதுசைக் கோத்தது நிர்மலா. பரிசலைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கோணி ஊசியால் சாக்கைத் தைத்தாள். எந்தத் தப்பை எதன்மேல் ஏறி எதற்கடியில் நுழைகிறது, எங்கே ஒட்டு, எங்கே பழைய தையல் இற்றுப்போயிருக்கிறது என்று அவள் விரலுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. தார் காய்ச்சிப் பூசின அன்றைக்குக் கையில் ஒட்டின தார் மூன்று வேளைச் சோறு தின்றும் போகவில்லை. மணிமொழி பள்ளிக்கூடம் விட்டு வந்து மண்ணெண்ணெய் தொட்டு அம்மா கையைத் துடைத்துவிட்டாள்.

தார் காய்வதற்குள் சாலம்மாளுக்குத் திருப்பூரிலிருந்து வண்டி வந்துவிட்டது. ஓட்டச் சொல்லிக் கொடுக்க நேரமில்லை. போய் வருகிறேன் என்று பரிசலைப் பார்த்துத்தான் சொன்னாள், நிர்மலாவைப் பார்த்து இல்லை. நிர்மலா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் காலையில் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு இறங்கினார்கள். பாவாடை தள்ளிவிட்டு ஏறிக்கொண்டான். நிர்மலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்தபோது கரை தள்ளிப் போயிருந்தது. காலடியில் ஈரம். தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். இடது பக்கம், மூன்றாவது ஒட்டு. அவள் போட்ட தையல்தான், அன்றைக்கு நூல் போதாமல் கொஞ்சம் இழுத்துக் கட்டினது. இவ்வளவுதானா என்று இருந்தது. டப்பாவை எடுத்து மொண்டு வெளியே ஊற்றினாள். வீட்டுக்குப் போய் அந்த இடத்தில் இன்னொரு கை தார் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பயம் விட்டதே தவிர ஓட்ட வரவில்லை. இந்தப் பக்கம் துழாவினால் பரிசல் அந்தப் பக்கம் சுற்றியது, அந்தப் பக்கம் துழாவினால் இந்தப் பக்கம் சுற்றியது. செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்று. மலை வந்தது, அணைக்கரை வந்தது, மறுபடி மலை வந்தது. பாவாடை வலையை மடியில் வைத்துக்கொண்டு தலை கிறுகிறுத்து உட்கார்ந்திருந்தான். ஒரு மீன்கூட இன்னும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. சின்னதுரை மேஸ்திரி. வெள்ளைச் சட்டை, கையில் பை. நிர்மலாவுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அவர் தெரிந்தார். கையைத் தட்டிக் கூப்பிட்டார். நாளைக்கு லாரி வருகிறது, ஒரு ஜோடி குறைகிறது, காசு கையோடு கொண்டுவந்திருக்கிறேன், கரைக்கு வாங்க என்று சத்தம் போட்டார். தண்ணீர்மேல் அவர் குரல் பக்கத்தில் பேசுகிறதுபோல் கேட்டது.

பாவாடை கரையைப் பார்த்தான். வெறும் வலையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமலேயே, "போயி ஒரு வார்த்த பேசிட்டு வந்துடலாமா?" என்றான்.

"எப்படிய்யா போறது? சுத்திக்கினே கீது."

"கொஞ்சம் இப்படித் திருப்பிப் பாரேன்."

அவள் திருப்பிப் பார்த்தாள். பரிசல் இன்னொரு சுற்றுச் சுற்றியது. மலை வந்தது, மேஸ்திரி வந்தார், மலை வந்தது.

"மேஸ்திரி," என்று அவள் கத்தினாள். "எனக்குக் கரைக்கு வரத் தெரியலீங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

சின்னதுரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். போனில் யாரிடமோ பேசினார். இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு பைக்கை உதைத்தார். சத்தம் ரோடு திரும்பி, தேய்ந்து, நின்றது.

நிர்மலா துடுப்பைத் தூக்கி முன்பக்கம் போட்டாள். தண்ணீரைத் தன் பக்கமாக வாரி இழுத்தாள். பரிசல் சுற்றவில்லை. இன்னொரு வாரு வாரினாள். மலை அதே இடத்தில் நின்றது, பரிசல் அதைப் பார்த்து நேராகப் போயிற்று.

பாவாடை திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். "எப்போலேந்து தெரியும் ஒனக்கு?"

"அவரு வண்டிய நிறுத்தும்போதே தெரியும்," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை, வாரிக்கொண்டே அழுதாள். "சாயங்காலம் அவ பள்ளிக்கூடம் வுட்டு வரும்போது வூடு பூட்டிக் கெடக்கக் கூடாதுய்யா. நீ வலைய வுடு."

பாவாடை எழுந்து நின்று வலையை விட்டான்.